வாவித் துறையும் நெடுஞ்சாலை ஆயமும்

கிழக்கே வங்கக் கடல். மேற்கே மட்டக்களப்பு வாவி. இவ்விரண்டிற்கும் இடையே ஒடுங்கிய மணல் நிலத்தில் அமைந்துள்ளது களுதாவளை. வடக்கே தேற்றாத்தீவும் தெற்கே களுவாஞ்சிகுடியும் இதன் அயலூர்கள். சுயம்புலிங்கப் பிள்ளையார் கோயில் கொண்டருளும் இவ்வூரைக் கிழக்கிலங்கையில் அறியாதார் மிகச் சிலரே. ஆலயத்திற்கு அடுத்தபடியாக இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தவை வெற்றிலையும் காய்கறியுமாம். வெறும் மணலெனத் தோன்றும் நிலத்தில் கிணற்று நீர் இறைத்து, எரு இட்டு, பச்சைப் பசேலென்று கொடி படரச் செய்யும் உழைப்பாளிகளின் ஊர் இது. வெற்றிலையும் கத்தரியும் நெல்லைப் போலக் களஞ்சியத்தில் காத்திருக்க மாட்டா. கிள்ளிய நாளிலிருந்தே அவை வாடத் தொடங்கும். ஆதலால் வழியும் வழிச்செலவும் வழியில் கழியும் நேரமும் இவ்வூராருக்கு வாழ்க்கைப் பிரச்சினைகளாகும்.

‘பாதை’ என்ற சொல்லுக்கு நம் பகுதியில் இரண்டு பொருள் உண்டு. நிலத்தில் நடந்து செல்லும் வழியும் பாதை. வாவியின் மீது மனிதரையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் அகன்ற மிதவையும் பாதை. ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. அது படும் பக்கம் படுவான்கரை. களுதாவளை எழுவான்கரையைச் சேர்ந்தது. வயலும் கால்நடையும் பெரும்பாலும் படுவான்கரையில். ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் செல்வதற்குக் குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும், குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் துறை கடந்து வந்துள்ளனர். அம்பிளாந்துறை, துறைநீலாவணை என்னும் ஊர்ப் பெயர்களே இதற்குச் சான்று. துறை இருந்த இடத்தில் துறைக்கூலியும் இருந்தது. ஓடக்காரன் கையில் காசைக் கொடுத்துவிட்டு ஏறுவது நம் பாட்டன்மார் நன்கு அறிந்த வழக்கம்.

பாலங்கள் வந்தபின் இந்நிலை படிப்படியாக மாறிற்று. கல்லடியில் 1924 இல் லேடி மானிங் பாலம் திறக்கப்பட்டது. மண்முனையில் யப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட பாலம் 2014 இல் திறக்கப்பட்டது. பாலத்தில் எவரும் காசு கேட்பதில்லை. ஆகவே ‘வழிக்குக் கூலி’ என்ற எண்ணமே நம் இளைஞருக்குப் புதியதாகிவிட்டது. அவ்வெண்ணம் இப்போது வேறோர் உருவில் திரும்பி வந்திருக்கிறது. அதைப் பற்றியே இக்கட்டுரை.

தெற்கு வழிப் பயணம்

சென்ற ஆண்டு விடுமுறையொன்றின்போது, வெளிநாடு செல்லும் உறவினர் ஒருவரை வழியனுப்புவதற்காக வாடகை வான் ஒன்றில் கட்டுநாயக்க விமான நிலையத்திற்குச் சென்றோம். நம்மவர் வழக்கமாக மேற்கொள்வது பொலநறுவை, ஹபரணை, குருநாகல் வழி. நாங்களோ தெற்கு வழியைத் தேர்ந்தோம். களுதாவளையின் ஊடாகச் செல்லும் ஏ-4 பெருந்தெருவே கல்லாறு, கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்று கரையோரமாகச் சென்று, பின் மேற்கே திரும்பி லகுகலைக் காட்டினூடாக மொனராகலையை அடைகிறது. வெல்லவாயவில் அதை விட்டுத் தெற்கே தனமல்வில வழியாக இறங்கினால் அம்பாந்தோட்டை.

இவ்வழியில் பாதி நேரம் மாடுகளுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சந்தைக் கூட்டத்திற்கும் வழிவிட்டே செல்ல வேண்டும். லகுகலையில் யானை நின்றால் அதற்கும் வழிவிட வேண்டும். அம்பாந்தோட்டையிலோ உலகமே மாறிவிடுகிறது. அங்கிருந்து கொட்டாவ வரை 222 கிலோமீற்றர் நீளமுள்ளது தெற்கு அதிவேக நெடுஞ்சாலை. கொட்டாவையிலிருந்து காலி வரையான முதற்பகுதி 2011 நவம்பரில் திறக்கப்பட்டது. 2014 இல் அது மாத்தறை வரையும், 2020 பெப்ரவரியில் அம்பாந்தோட்டை வரையும் நீண்டது. கொட்டாவையிலிருந்து கடவத்த வழியாகக் கெரவலப்பிட்டிய வரை செல்லும் வெளிச்சுற்று நெடுஞ்சாலை அங்கே, 2013 இல் திறக்கப்பட்ட கட்டுநாயக்க நெடுஞ்சாலையுடன் சேர்கிறது. எனவே அம்பாந்தோட்டையில் ஏறியவர் ஒரு சமிக்ஞை விளக்கையும் காணாமல் விமான நிலையத்தை அணுகிவிடலாம். வேக எல்லை மணிக்கு 100 கிலோமீற்றர். இருபுறமும் வேலி. குறுக்கே வருவார் எவருமில்லை.

இவ்வழிக்கு ஆயம் உண்டு. உள்ளே நுழையும்போது வாயிலில் ஒரு சீட்டுத் தருகிறார்கள். வெளியேறும் வாயிலில் அச்சீட்டைக் கொடுத்தால், வந்த தூரத்தையும் வாகனத்தின் வகையையும் கணித்துக் கட்டணத்தைச் சொல்கிறார்கள். காசு கொடுத்து, மிச்சம் வாங்கி, பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொண்ட பின் தடைக்கோல் உயர்கிறது.

நாங்கள் வெளியேறிய வாயிலில் அந்திப் பொழுதில் நீண்ட வரிசை நின்றது. “இவ்வளவு தூரம் பறந்து வந்தது காசு குடுக்கிறதுக்கு நிக்கவா, சேர்?” என்றார் சாரதி. வேடிக்கையாகச் சொன்னதாயினும் அக்கேள்வியில் ஒரு கணக்கு அடங்கியிருக்கிறது.

ஒரு வண்டி காசு கொடுத்து நகர 15 விநாடி ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். ஒரு வாயிலில் மணிக்கு 240 வண்டிகள் செல்லலாம். அந்த மணி நேரத்தில் 300 வண்டிகள் வந்தால், முடிவில் 60 வண்டிகள் வரிசையில் நிற்கும். அறுபதாவது வண்டி கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். வழியை எவ்வளவு அகலமாக்கினும் இவ்வரிசை குறையாது. ஏனெனில் இடுக்கு வழியிலன்று, வாயிலிலேயே இருக்கிறது. ஒரு வண்டிக்கு 3 விநாடி என்று குறைக்க முடியுமாயின் அதே வாயிலில் மணிக்கு 1200 வண்டிகள் செல்லும். மின்னணு ஆயம் பிறந்தது இந்தக் கணக்கிலிருந்துதான்.

பழைய ஆயம்

வழிக்கு வரி வாங்குவது மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுமையன்று. உல்கு, ஆயம், சுங்கம் என்று அதற்குப் பல பெயர்களைத் தமிழ் வைத்திருக்கிறது. உல்கினால் வரும் பொருளை அரசனின் வருவாய்களுள் ஒன்றாக வள்ளுவர் எண்ணுகிறார். மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்துகள் செல்லும் பெருவழியில் உல்கு வாங்கப்பட்டதையும், அவ்வழியை வில் வீரர் காத்து நின்றதையும் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. வாங்கிய காசுக்கு ஈடாகக் காவல் இருந்தது என்பதே அங்குக் கவனிக்கத்தக்கது. சோழப் பேரரசன் முதலாம் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று புகழப்பெற்றான். ஆயத்தைத் தவிர்த்தமை ஓர் அரசனுக்குப் புகழாயிற்று என்றால், அது மக்களுக்கு எத்துணைச் சுமையாய் இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். ஆங்கிலேயர் காலத்து இலங்கையிலும் வீதி, பாலம், ஓடத்துறை ஆகியவற்றின் ஆயத்தை வசூலிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது.

இக்காலம் முழுவதும் மாறாத விதி ஒன்றுண்டு. வழிப்போக்கன் நிற்க வேண்டும்; கை நீட்டிக் காசு கொடுக்க வேண்டும். கொடுத்தலையும் நிற்றலையும் வேறாகப் பிரிக்கலாம் என்று முதலில் எண்ணியவர்களுள் ஒருவர் வில்லியம் விக்கிரி என்னும் பொருளியல் அறிஞர். வாஷிங்டன் நகரின் தெருக்களுக்கு அத்தகைய மின்னணு முறையொன்றை அவர் 1959 இல் முன்மொழிந்தார். அன்று அது கற்பனையாகத் தோன்றிற்று. 1996 இல் அவருக்கு நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டது. சில நாட்களில் அவர் மறைந்தார். அதற்குள் நோர்வே, இத்தாலி, ஐக்கிய அமெரிக்கா முதலிய நாடுகளில் அவர் கண்ட கனவு நடைமுறைக்கு வந்துவிட்டது.

கண்ணாடிச் சில்லு செய்யும் வேலை

இதன் இயக்கம் எளியது. வாகனத்தின் முன்கண்ணாடியில் தபால் முத்திரையிலும் சற்றுப் பெரிய சில்லு ஒன்று ஒட்டப்படும். பெரும்பாலானவற்றில் மின்கலம் இல்லை. மெல்லிய உலோகத் தகட்டால் ஆன உணரியும், மணலளவான சிலிக்கன் துண்டும் மட்டுமே அதனுள் உள்ளன. வாயிலின் மேலே உள்ள கருவி வானொலி அலைகளை வீசுகிறது. இந்தியாவில் இதற்குப் பயன்படும் அலையின் நீளம் ஏறக்குறைய 35 சென்ரிமீற்றர், அதாவது முக்கால் முழம். அவ்வலை சில்லின்மீது பட்டதும், அதிலிருந்தே சிறிதளவு ஆற்றலைப் பெற்றுச் சில்லு விழித்துக்கொள்கிறது. விழித்ததும் தன் இலக்கத்தை உரைக்கிறது.

மின்கலமில்லாத சில்லு எவ்வாறு பேசும் என்று மாணவர் கேட்பதுண்டு. சிறுவர்கள் உடைந்த கண்ணாடித் துண்டை வெயிலில் பிடித்து எதிர்வீட்டுச் சுவரில் ஒளி காட்டி விளையாடுவதை நினைத்துப் பாருங்கள். ஒளி கண்ணாடியினுடையதன்று, ஞாயிற்றினுடையது. துண்டை ஒருபுறம் சாய்த்தால் சுவரில் ஒளி தோன்றும். மறுபுறம் சாய்த்தால் மறையும். தோன்றுதல் ஒன்று, மறைதல் பூச்சியம் என்று வைத்துக்கொண்டால் ஒரு செய்தியையே அனுப்பிவிடலாம். சில்லும் தன்மேல் படும் அலையைத் திருப்புவதும் திருப்பாது விடுவதுமாக விரைந்து மாறி மாறிச் செய்து தன் இலக்கத்தைச் சொல்லிவிடுகிறது.

அவ்விலக்கத்தைப் பெற்ற வாயிற் கணினி, அது நல்ல கணக்கைச் சேர்ந்ததா என்று பட்டியலில் பார்க்கிறது. தரையில் புதைத்த கம்பிச் சுருளும் அச்சுகளை எண்ணும் கருவியும், வந்தது காரா லொறியா என்று சரிபார்க்கின்றன. கமெரா இலக்கத் தகட்டைப் படம் பிடிக்கிறது. தூரத்திற்கேற்ப ஆயம் வாங்கும் வழியாயின், நுழைந்த இடம் முன்னரே பதிவாகியிருக்கும். தனிச் சீட்டு வேண்டியதில்லை. எல்லாம் பொருந்தினால் தடைக்கோல் உயர்கிறது. கட்டணம் பின்னர் வங்கிக்கு வங்கி கணக்குத் தீர்க்கப்பட்டு, உரிமையாளரின் முன்பணத்திலிருந்து கழிக்கப்படுகிறது. கைபேசிக்கு ஒரு செய்தி வரும்.

நம் நாட்டில் கட்டுநாயக்க நெடுஞ்சாலையில் இவ்வகைத் தனி வரிசை ஏற்படுத்தப்பட்டது. 2025 மே மாதம் கொட்டாவ, கடவத்த ஆகிய இடங்களில் வங்கி அட்டையால் கட்டணம் செலுத்தும் வசதியும் தொடங்கிற்று. இரண்டும் ஒன்றல்ல. அட்டை காசைத் தவிர்க்கிறதேயன்றி நிற்றலைத் தவிர்ப்பதில்லை. சில்லு நிற்றலையே தவிர்க்கிறது.

தமிழர் வாழும் நாடுகளில்

உலகெங்கும் பரந்து வாழும் நம்மவர் இம்முறையின் பல வடிவங்களை அன்றாடம் காண்கின்றனர். தமிழ்நாட்டில் சுங்கச்சாவடி என்ற சொல் சிற்றூர் மக்களும் அறிந்த சொல். அங்கு 2021 பெப்ரவரி முதல் தேசிய நெடுஞ்சாலைகளில் ‘ஃபாஸ்டாக்’ என்னும் சில்லு கட்டாயமாயிற்று. சில்லின்றி வந்து காசு நீட்டியவர் இருமடங்கு கொடுக்க நேர்ந்தது. 2025 நவம்பரில், கைபேசி வழியாகச் செலுத்துவோர்க்கு அது ஒன்றேகால் மடங்காகக் குறைக்கப்பட்டது. காசாகக் கொடுப்பவர்க்கு மட்டும் இருமடங்கு நீடித்தது.

சிங்கப்பூர் 1975 இலேயே நெரிசல் மிக்க நகர்ப்பகுதிக்குள் நுழையும் கார்களுக்குத் தாளில் அச்சிட்ட அனுமதி வில்லையை விதித்தது. 1998 இல் அதை மின்னணு முறையாக்கிற்று. அங்கே ஆயத்தின் நோக்கம் வழி கட்டிய கடனைத் தீர்ப்பதன்று, நெரிசலைக் குறைப்பது. ஆகவே நேரத்திற்கு ஏற்பக் கட்டணமும் மாறும். கனடாவின் ரொறன்ரோ நகரையொட்டி 1997 இல் திறக்கப்பட்ட 407 ஆம் நெடுஞ்சாலையில் வாயிலே கிடையாது. மேலே வளைவுகள்; அவற்றில் கருவிகள். சில்லில்லாத வண்டியின் இலக்கத் தகட்டைக் கமெரா படித்து, கணக்கு வீட்டுக்கு வந்து சேரும். செலுத்தத் தவறினால், கடன் தீரும்வரை இலக்கத்தைப் புதுப்பித்துக் கொடுக்க மறுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. அங்கு வாழும் நம் உறவினர் சிலர், “அந்த றோட்டில போனா சுகம், பில் வந்தாத்தான் தெரியும்” என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

காணாத காசு

அந்தக் கூற்றிலேதான் இந்த முறையின் சிறப்பும் குறையும் ஒருங்கே இருக்கின்றன. கையிலிருந்து காசு போவது கண்ணுக்குத் தெரிந்தால் மனம் ‘ஏன் இவ்வளவு?’ என்று கேட்கும். தெரியாமற் போனால் கேட்காது. இது வெறும் ஊகமன்று. அமெரிக்கப் பொருளியலாளர் ஏமி பிங்கெல்ஸ்டைன் 2009 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மின்னணு முறை வந்த வழிகளில் ஆயம், அம்முறை வராதிருந்தால் இருக்கக்கூடிய அளவைவிட 20 முதல் 40 சதவீதம் கூடுதலாயிற்று என்று காட்டினார். கொடுப்பவன் கவனியாதபோது வாங்குபவன் கூட்டுவது எளிதாகிறது.

இன்னொன்று முன்பணம். பத்தாயிரம் வண்டிகள், வண்டிக்கு ஆயிரம் ரூபா வீதம் கணக்கில் வைத்திருந்தால் அது ஒரு கோடி ரூபா. அத்தொகை உரிமையாளர்க்கு வட்டியின்றி வேறொருவர் கையில் கிடக்கிறது. நாள்தோறும் அவ்வழியில் செல்லும் கொழும்பு வணிகருக்கு இது பொருட்டன்று. மாதத்தில் ஒருமுறை வெற்றிலை ஏற்றிச் செல்லும் லொறிக்காரருக்கு ஆயிரம் ரூபாவும் முதலே.

மூன்றாவது, அவ்வழியில் ஏறவே முடியாதவர்கள். நம் அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கும் முச்சக்கர வண்டிக்கும் உழவு இயந்திரத்திற்கும் இடமில்லை. வேகமும் பாதுகாப்பும் கருதிய விதி அது; அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் களுதாவளை மக்களின் வண்டிகள் பெரும்பாலும் இம்மூன்றே. அவர்கள் அவ்வழியைப் பயன்படுத்துவது பஸ்ஸிலும் வாடகை வானிலும் இருந்துகொண்டே. ஆயம் அந்தக் கூலிக்குள் அடங்கிவிடுகிறது. வாயிலையே கவனியாமல் பின்னிருக்கையில் உறங்கும் மூதாட்டியும் தன் பங்குக்கு ஆயம் செலுத்துகிறாள். அவளுக்குப் பற்றுச்சீட்டு எதுவும் கிடைப்பதில்லை. ஆகவே ‘கார் வைத்திருப்போரின் பிரச்சினை’ என்று இதனை நம் ஊரார் ஒதுக்கிவிடலாகாது.

நில்லாமல் செல்லும் வசதி வேண்டாம் என்பதல்ல என் கருத்து. வேண்டும்; விரைவில் வேண்டும். வரிசையில் கழியும் கால் மணி நேரம் நோயாளிக்கும், விமானத்தைப் பிடிக்க ஓடுபவருக்கும், வாடும் வெற்றிலைக்கும் ஒன்றுபோல் இழப்பு. நிற்கும் வண்டிகள் எரிக்கும் எண்ணெயும் நாட்டின் அந்நியச் செலாவணியே. 2022 இல் எரிபொருளுக்கு நாட்கணக்காக வரிசையில் நின்ற மக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் புதிய முறை வரும்போதே சில நியாயங்களும் உடன் வரவேண்டும். கையில் காசோடு வருபவர்க்கு ஒரு வாயிலேனும் என்றும் திறந்திருக்க வேண்டும். காசு வைத்திருப்பது தண்டத்திற்குரிய குற்றமன்று. கட்டணம் எவ்வளவு என்பது நுழையுமுன்னரே மூன்று மொழிகளிலும் பெரிய எழுத்தில் தெரிய வேண்டும். தவறாகக் கழிக்கப்பட்ட பணத்தைத் திரும்பப் பெறுவதற்குக் கொழும்புக்கு அலையாமல் களுவாஞ்சிகுடியிலேயே மனுக்கொடுக்க வழி வேண்டும். வாங்கிய ஆயம் எதற்குச் செலவாயிற்று என்பது ஆண்டுதோறும் மக்களுக்குச் சொல்லப்பட வேண்டும். பெருவழியில் உல்கு வாங்கிய பழைய அரசு வில் வீரரைக் காவல் நிறுத்திற்று. இன்றைய ஆயத்திற்கு ஈடாக நாம் கேட்பது நல்ல வழியும் நேர்மையான கணக்கும்.

நம் கடமையும் ஒன்றுண்டு. வான்காரர் சொல்லும் கூலியில் ஆயம் எவ்வளவு என்று கேட்டறிய வேண்டும். கைபேசியில் வரும் செய்தியை அழிக்குமுன் படிக்க வேண்டும். பள்ளியில் கணக்குப் படிக்கும் பிள்ளையிடம் அதைக் கொடுத்து, தூரத்தையும் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால் அதுவே நல்ல பாடமாகும். துறையில் ஓடக்காரனுக்குக் காசு கொடுத்த நம் முன்னோர், மிச்சத்தை எண்ணிப் பார்த்து மடியில் முடிந்துகொண்ட பின்னரே ஓடத்தில் ஏறினர். அந்த எண்ணிப் பார்க்கும் பழக்கம், காசு கண்ணுக்குத் தெரியாத இக்காலத்திலேதான் நமக்கு மிகுதியாக வேண்டியிருக்கிறது.